கொல்லாமல் விட்ட பூச்சி

பிள்ளை, ஒருக்கா அசையாமல் இருங்கோ. பயப்பிடாதேங்கோ, நானும் தமிழ்தான். உங்கட தோளில, சால்வை மடிப்பில ஒரு பூச்சி இருக்கு. ஐயோ, தட்டாதேங்கோ! தட்டினால் அது எங்கையாவது போயிடும். கொஞ்சம் யன்னல் பக்கம் திரும்புங்கோ, அதின்ர முதுகைப் பாக்கவேணும். ம்... சிவப்பு. கறுத்தப் புள்ளியும் இருக்கு. அப்ப இது அது இல்லை. இது இந்த ஊர்ச் சீவன், ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காது. இருக்கட்டும், பாவம்.

குறை நினைக்காதேங்கோ. எனக்கு இப்ப இது ஒரு வருத்தம் மாதிரிப் போச்சு. ஆக்களின்ர முகத்தைப் பாக்கிறதை விட்டிட்டு கொலரைப் பாக்கிறியள் எண்டு மனிசி பேசுறா. போன வெள்ளிக்கிழமை கோயிலில குருக்கள் விபூதி நீட்டிக்கொண்டு நிக்கிறார், நான் அவரின்ர பூமாலைக்குள்ள ஏதாவது ஊருதோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். அந்த மனுசன் என்ன நினைச்சாரோ தெரியாது.

இந்த ரெயினில நீங்கள் எதுவரைக்கும்? பக்கன்ஹாமோ? அப்ப நேரம் கிடக்கு. நான் டான்டினோங்கில இறங்கவேணும். ஒரு அலுவல்.

முன்னம் நீங்கள் டெலிபோனில கதைச்சதை நான் ஒட்டுக் கேக்கேல்லை, காதில விழுந்தது. அம்மாவோடை என்ன? டொக்டர் இங்கிலீசில சொன்னதைத் தமிழில திருப்பிச் சொன்னனியள். எந்தக் குளிசை, எப்ப போடுறது, போட்டால் தலை சுத்தும், சுத்தினால் பயப்பிடாமல் படுக்கோணும் எண்டது வரைக்கும். அவ திருப்பித் திருப்பிக் கேக்க நீங்கள் திருப்பித் திருப்பிச் சொன்னனியள். நானெண்டால் "காலமை ஒண்டு, இரவு ஒண்டு, போட்டிட்டுப் படுங்கோ" எண்டு முடிச்சிருப்பன். என்ர பழக்கம் அது. சுருக்கிச் சொல்லுறது. என்ர வேலையிடத்தில அதுக்குத்தான் எனக்கு மரியாதையே. "நேசன் அண்ணையிட்டைக் குடுங்கோ, ஒரு சொல்லில முடிச்சுத் தருவார்" எண்டுதான் எங்கட ஆக்கள் சொல்லுவினம்.

நான் வேலை செய்யிறது கப்பலில வாற சாமான் இறக்கிற இடத்தில. துறைமுகத்தில இருந்து கொன்டெய்னர் பெட்டி வரும். நாங்கள் கதவைத் திறந்து, சாமானை இறக்கிப் பிரிச்சு, லொறிக்கு ஏத்தி விடுறது. செப்டெம்பர் எண்டால் எங்களுக்குப் பூச்சிக் காலம் துவங்கிடும். நாத்தப்பூச்சி. மண்ணிறம், தட்டையான முதுகு, மீசையில வெள்ளை வளையம். ஊரில நெல்லுக் கதிரைச் சூப்புற பூச்சி கண்டிருப்பியள், நசிஞ்சால் கை முழுக்க நாறும். அதின்ர ஒண்டுவிட்ட சகோதரம் எண்டு வையுங்கோவன். அங்கை ஐரோப்பாவில குளிர் துவங்க இது ஒளிக்க இடம் தேடும். ஓடு அடுக்கின பெட்டிக்கு நடுவில, மெசினின்ர ஓட்டைக்குள்ள போய்ப் படுத்திடும். கடல் முழுக்க நித்திரை. இங்கை வந்து நாங்கள் கதவைத் திறந்தால் வெயில். எழும்பிடும். எழும்பி ஒரு மரத்தில ஏறிப் பெருகிச்சுதெண்டால் அப்பிள் இல்லை, முந்திரிகை இல்லை, தக்காளி இல்லை. இந்த நாட்டு அரசாங்கம் வேறை எதுக்குப் பயப்பிடுதோ இல்லையோ, இதுக்குப் பயப்பிடுது.

அதால காலம் துவங்க முதலே ஆயத்தம் நடக்கும். அனுப்புறவன் அங்கயே சாமானைச் சூடாக்கி, இல்லாட்டி வாயு அடிச்சு அனுப்போணும். அடிச்சாச்சு எண்டு கடதாசியும் தருவான். ஆனால் பூச்சி கடதாசி வாசிக்காதே. அதுக்காக இறக்கிற எங்களுக்கும் ஆகஸ்ட் மாதத்தில வகுப்பு வைப்பினம்.

எங்கட மனேஜர் கிரேக். நல்ல மனுசன், ஆனால் கதைக்கத் துவங்கினால் நிப்பாட்டத் தெரியாது. படம் போட்டுக் காட்டினவன். கண்ணாடிக் கட்டிக்குள்ள வைச்ச செத்த பூச்சி ஒண்டைக் கையில குடுத்துச் சுத்தி அனுப்பினவன். கண்டால் என்ன செய்யிறது, என்ன செய்யக்கூடாது எண்டு நீட்டி முழக்கிக்கொண்டே போறான். இறக்கிற ஆக்களில அரைவாசி எங்கட சனம், இங்கிலீசு மட்டுமட்டு. கடைசியில என்னைப் பாத்து, "நேசன், உன்ர ஆக்களுக்கு விளங்கப்படுத்து" எண்டான். வெளியில இறைச்சி வாட்டுற மணம் வருது. மேசையில தவமலர் சுட்டுக்கொண்டு வந்த உழுந்து வடை மூடி வைச்சிருக்கு. எல்லாருக்கும் பசி. எனக்கும் பசி.

நான் எழும்பி நிண்டு சொன்னன். "இந்தப் பூச்சியைக் கண்டால் ஒருத்தரும் கொல்லக்கூடாது. நசிச்சால் பிறகு என்ன பூச்சியெண்டு அடையாளம் பிடிக்க ஏலாது. விளங்கிச்சோ? வாங்கோ, வடை ஆறுது."

எல்லாரும் கை தட்டினவை. கிரேக்கே சிரிச்சிட்டு, தமிழ் இவ்வளவு சின்னப் பாசையோ எண்டு கேட்டவன்.

கதவைச் சாத்தோணும், ஒண்டையும் வெளியில விடக்கூடாது, உடனை ஆளைக் கூப்பிடோணும் எண்டதும் சொன்னனான். சொல்லியிருப்பன். அது சொல்லாமலே விளங்கிற விசயம்தானே பிள்ளை? கடை பூட்டு எண்டு சொன்னால், திறப்பைக் கதவிலயே விட்டிட்டுப் போகாதை எண்டும் சேத்துச் சொல்லோணுமோ?

எனக்கு மனச்சாட்சியில ஒண்டும் இல்லை. அதை முதலே சொல்லிப்போடுறன்.

தவமலர் ஆரெண்டு சொல்லேல்லை என்ன. எங்களோடை பெட்டி இறக்கிறவ. விசுவமடுப் பக்கம். புருசன் சண்டையில போனபிறகு படகில வந்தவ. மகள் ஊரில தாய்மாமன் வீட்டில இருந்து படிக்குது, இவ உழைச்சு அனுப்பினால்தான் படிப்பு. நிரந்தர விசா இன்னும் இல்லை. நல்ல வேலைக்காரி, ரண்டு ஆம்பிளையளின்ர வேலையை ஒரு மூச்சில செய்வா. ஆனால் அவவிட்டை ஒரு பழக்கம். தேத்தண்ணி குடிக்கிற அறையில கரப்பான் ஓடினால் நாங்கள் சப்பாத்தைக் கழட்டுவம், அவ கப்பை எடுப்பா. மெல்லக் கவிட்டு, கீழால ஒரு மட்டையைச் செருகி, வெளியில கொண்டுபோய்ப் பத்தைக்குள்ள விட்டிட்டு வருவா. "தவமலர், அது நாளைக்குக் குடும்பத்தோடை திரும்பி வரும்" எண்டு நான் பகிடி பண்ணுறனான். ஒருநாள் சொன்னவ, "அண்ணை, முள்ளிவாய்க்காலில கண்டது காணும். இனி என்ர கையால ஒரு எறும்பும் போகக்கூடாது." அதுக்குப் பிறகு நான் பகிடி பண்ணுறதை விட்டிட்டன். எனக்கும் மனம் எண்டு ஒண்டு இருக்கு.

இது கிளேற்றனோ? இல்லை, இன்னும் வரேல்லை.

கந்தசஷ்டி கிழமை. தவமலர் பாலும் பழமும்தான். அந்த வயித்தோடை வந்து பெட்டி இறக்கிறா, வேண்டாமெண்டாலும் கேக்கமாட்டா. இத்தாலியில இருந்து நிலத்துக்குப் பதிக்கிற ஓடு வந்திருந்தது. கதவு திறந்தாச்சு. நான் அலுவலகத்தில நிக்கிறன். கொஞ்ச நேரத்தால அவ வாறா, கையில வெறும் கப். முகத்தில ஒரு வெளிச்சம் பிள்ளை. கோயிலில சூரன்போர் பாத்திட்டு வாற சின்னப் பிள்ளையள் மாதிரி ஒரு சந்தோசம்.

"அண்ணை, ஒண்டு கண்டனான். பொலித்தீன் மடிப்புக்குள்ள இருந்தது. உயிரோடை."

"எங்கை?" எண்டு நான் துள்ளி எழும்பினன்.

"வெளியில விட்டிட்டன் அண்ணை. வேலிக்கு அங்கால ஒரு தேசிமரம் நிக்குதெல்லே, அதில. நீங்கள் சொன்னமாதிரி ஒண்டும் செய்யேல்லை. ஒரு காலும் முறியேல்லை. பறந்து இலைக்குள்ள போட்டுது."

ஏசினன். வாயில வந்ததெல்லாம் சொல்லி ஏசினன். விரதகாரியைப் பிடிச்சு, எருமை எண்டும் சொல்லிப்போட்டன். அவ கப்பைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே நிக்கிறா. "கொல்லவேண்டாம் எண்டு சொன்னனீங்கள்தானே அண்ணை" எண்டு மட்டும் கேட்டவ. சத்தம் போட்டுக் கூடக் கேக்கேல்லை.

நான் ஓடிப்போய்க் கிரேக்கிட்டைச் சொன்னன். மறைக்கேல்லை, அதை நீங்கள் யோசிக்கோணும். மறைச்சிருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. சொன்னன்தானே. சொல்லேக்கை, "நான் வகுப்பில சொன்னனான், அவ கேக்கேல்லை" எண்டதையும் சேத்துச் சொன்னன். அது தானா வாயில வந்திட்டுது.

பிறகு நடந்ததை என்னெண்டு சொல்ல. அரசாங்கத்து ஆக்கள் வந்து வாசலைப் பூட்டிச்சினம். அந்தத் தேசிமரத்துக்குக் கீழ வெள்ளைத் துணி விரிச்சுக் கொப்பைத் தடியால தட்டிச்சினம். பக்கத்து வளவு மரமெல்லாம் தட்டிச்சினம். இலை விழுந்தது, சிலந்தி விழுந்தது, அது விழேல்லை. பொறி கட்டியிருக்கினம், இண்டைவரைக்கும் அம்பிடேல்லை. ஒருவேளை செத்திருக்கும். ஒருவேளை எங்கையோ ஒரு கொப்பில இருந்து என்னைப் பாத்துக்கொண்டிருக்கும். இரவில நான் படுத்தால் அதுதான் யோசனை. ஏன் எனக்கு அந்த யோசனை வரோணும்? விட்டது நானில்லையே.

கிரேக் விசாரணை வைச்சான். சத்தம் போடேல்லை, அதுதான் எனக்குப் பயம். மேசைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் தவமலர், நடுவில நான். மொழிபெயர்க்க என்னை விட்டால் ஆர்? கிரேக் கேட்டான், "பூச்சியைக் கண்டால் கதவைச் சாத்திப்போட்டு ஆளைக் கூப்பிடச் சொல்லி நேசன் உங்களுக்குச் சொன்னவரோ?"

என்னைப் பற்றின கேள்வி. அதை நானே தமிழில கேக்கோணும். கேட்டன். அவ கதைச்சவ. நான் கிரேக்கைப் பாத்துச் சொன்னன், "ஓமாம்" எண்டு.

அவ்வளவுதான். அண்டைக்கே, இனி வேலைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லி அனுப்பிட்டினம்.

என்ன பாக்கிறியள்? என்ன கதைச்சவ எண்டோ? ஏதோ கதைச்சவ. பதறின சனம் கதைக்கும்தானே. ஒரு மனுசி நீளமாக் கதைச்சால் அதில கருத்து எண்டு ஒண்டு இருக்கும். அந்தக் கருத்தை எடுத்துச் சொல்லுறதுதான் மொழிபெயர்ப்பு. நான் பொய் சொல்லேல்லை பிள்ளை. சுருக்கினன்.

கிளேற்றன் வந்திட்டுது. இறங்குற ஆக்களுக்கு வழி விடுங்கோ... தோள், தோள், கவனம். ஓம், இன்னும் இருக்கு. அசையாமல் இருக்கு பாருங்கோ, எங்கட கதையைக் கேக்குது.

பிறகு ஒருநாள் நான் அவவின்ர வீட்டை போனனான். குற்ற உணர்ச்சியில போனதெண்டு நினைக்காதேங்கோ. ஒரு மரியாதைக்குப் போனது. மனிசி பலகாரம் தந்துவிட்டவ. ஒரு அறைதான், ரண்டு பேரோடை சேந்து இருக்கிறா. எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டிட்டுத் தான் கட்டிலில இருந்தவ. நான் ஏசின கதை எடுக்கேல்லை. "என்னாலதான் அண்ணை எல்லாருக்கும் கரைச்சல். உங்கட பேரும் கெட்டிருக்கும்" எண்டு சொல்லி அழுதவ. என்ர பேரை நினைச்சு அவ அழுறா. தேத்தண்ணியை நான் பாதியிலயே கீழ வைச்சிட்டன். நல்ல தேத்தண்ணி, இஞ்சி போட்டது.

வேறை வேலைக்கு அலையிறா. எங்கை போனாலும் முந்தின இடத்தில ஏன் விட்டனீங்கள் எண்டு கேக்கினம். இந்தத் தொழிலில கதை கெதியாப் பரவும். பூச்சியைப் பறக்கவிட்ட பொம்பிளை எண்டால் இப்ப எல்லாருக்கும் தெரியும். மகளின்ர படிப்பு இந்தத் தவணையோடை நிக்குமோ தெரியாது எண்டு சொன்னவ.

டான்டினோங்கில இலவசமாச் சட்ட ஆலோசனை சொல்லுற இடம் ஒண்டு இருக்கு. ஆரோ அங்கை போகச் சொல்லியிருக்கினம். சரியா விளங்கப்படுத்தாமல் வேலையால நிப்பாட்டினால் கேக்கலாமாம். இண்டைக்குத்தான் அவவைக் கூப்பிட்டிருக்கினம். அங்கை மொழிபெயர்ப்பாளர் தருவினம் பிள்ளை, சும்மா தருவினம். அவ வேண்டாமெண்டிட்டா. "எங்கட நேசன் அண்ணை வருவார். அண்டைக்கும் அவர்தான் எனக்காகக் கதைச்சவர்" எண்டு சொல்லிப்போட்டா.

எனக்காகக் கதைச்சவர்!

அவ நேற்று டெலிபோனில இதைச் சொல்ல, நான் ஓம் எண்டிட்டன். வேறை என்ன சொல்ல? வைச்சிட்டு, குளியலறைக்குள்ள போய்த் தண்ணியைத் திறந்து விட்டிட்டு நிண்டனான். மனிசி கதவில தட்டித் தட்டிக் கேக்கிறா, என்னப்பா, இவ்வளவு நேரம் குளிக்கிறியளோ எண்டு. சட்டையைக் கூடக் கழட்டேல்லை.

சரி, சொல்லுறன். அண்டைக்கு அவ என்ன சொன்னவ எண்டு எனக்கு ஒரு சொல் தவறாமல் ஞாபகம் இருக்கு. மறக்கப் பாக்கிறன், ஏலாமல் கிடக்கு.

"அண்ணை, கொல்லக்கூடாது எண்டு நீங்கள் சொல்லேக்கை எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ? ஒரு பூச்சியைக் கூடக் கொல்லவிடாத இடத்தில எனக்கு வேலை கிடைச்சிருக்கே எண்டு நினைச்சு, அண்டைக்கு மகளுக்கும் எடுத்துச் சொன்னனான். கதவைச் சாத்தச் சொன்னனீங்களோ எண்டு எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருந்தால் நான் கட்டாயம் செய்திருப்பன், நீங்கள் சொல்லி நான் எதைச் செய்யாமல் விட்டனான்? ஆனால் அதால உங்களுக்கு ஏதும் கரைச்சல் வருமெண்டால், சொன்னவர்தான் எண்டு சொல்லிவிடுங்கோ அண்ணை. என்னை என்ன செய்யப்போகினம்."

இவ்வளவும் சொன்னவ. நான் ஒரு சொல் சொன்னன்.

உங்களுக்குக் கண் கலங்குது. எனக்குக் கலங்கேல்லை பாருங்கோ. அதுதான் எனக்கே பயமாக் கிடக்கு.

ஸ்பிரிங்வேல் தாண்டிட்டுது. பிள்ளை, நான் உங்கட தோளில பூச்சியைக் கண்டது மெய்தான். ஆனால் அதுக்கு முதலே, உங்கட அம்மாவோடை நீங்கள் கதைச்சதைக் கேட்டபோதே, இந்தப் பிள்ளையிட்டைக் கேட்டால் என்ன எண்டு ஒரு யோசனை வந்திட்டுது. என்னோடை டான்டினோங்கில இறங்குவியளோ? கன நேரம் எடுக்காது. அவவுக்கு நீங்கள் மொழிபெயர்த்துக் குடுங்கோ. உங்களைக் கண்டால் அவவுக்குத் தன்ர மகளைக் கண்ட மாதிரி இருக்கும். நான் வெளியில, வாங்கில இருக்கிறன். அண்ணை எங்கை எண்டு கேட்டால், தொண்டை கட்டிப்போச்சு, கதைக்க ஏலாதாம் எண்டு சொல்லுங்கோ.

சீ.

என்ன மனுசன் நான். அதுக்கும் ஒரு பொய்.

இல்லை, நானும் உள்ளுக்கு வாறன். எனக்கு வேலை போகும், போகட்டும். கோயில் சபையில முகம் காட்ட ஏலாது, அதுவும் போகட்டும். அவவுக்குப் பக்கத்தில இருந்து, நான் வகுப்பில எதைச் சொன்னன், எதைச் சொல்லேல்லை, விசாரணையில அவ என்ன சொன்னவ, நான் அதை என்ன செய்தன் எண்டு எல்லாத்தையும் அவவுக்கும் கேக்கத் தமிழில சொல்லுறன். நீங்கள் அதை இங்கிலீசில சொல்லுங்கோ. என்ர இங்கிலீசு காணும் பிள்ளை, அது பிரச்சினை இல்லை. என்ர வாயால இங்கிலீசில சொன்னால் நான் திரும்பவும் சுருக்கிப்போடுவன். என்னை எனக்குத் தெரியும்.

வருவியளோ? வருவியளோ பிள்ளை? நல்லா இருப்பியள்.

எழும்புங்கோ, டான்டினோங். மெல்ல, தோளை ஆட்டாதேங்கோ. இந்தக் கதவால வாங்கோ. அந்தா, மரத்துக்குக் கீழ, கையில பையோடை நிக்கிறா, அவதான். எங்களைக் கண்டிட்டா. ஐயோ, சிரிக்கிறா.

பிள்ளை, நான் சொல்லுறதில ஒரு சொல்லும் விடாதேங்கோ. இடையில நான் கண்ணைக் காட்டினாலும் நிப்பாட்டாதேங்கோ.